ஹார்ஸ்ட் லிங்க், விபிபி, டிடபிள்யூ-லிங்க்: ஏற்றத்தில் மிதிக்கும்போது உண்மையான வித்தியாசம் எங்கே இருக்கிறது?

#1 செம்மண்பாதை

வணக்கம். என்னுடையது 29 அங்குல டிரெயில் பைக் (மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்). பின்பக்க டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) 140 மிமீ, ஹார்ஸ்ட் லிங்க் என்ற பின்பக்க சஸ்பென்ஷன் அமைப்பு, 210×55 ஏர் ஷாக் (காற்றடைத்த அதிர்வுதாங்கி: நீளம் 210 மிமீ, அமுங்கும் தூரம் 55), 32 பல் செயின்ரிங் (மிதியோடு சுழலும் முன் பல்சக்கரம்), 10–51 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி). ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து ரைடர் எடை 78 கிலோ. வழவழப்பான ஏற்றத்தில் உட்கார்ந்து மிதித்தாலே ஒவ்வொரு மிதிக்கும் ஷாக் உள்ளே போய் வெளியே வருகிறது.

இரண்டு கேள்விகள். விபிபி அல்லது டிடபிள்யூ-லிங்க் என்ற வேறு சஸ்பென்ஷன் அமைப்பு உள்ள ஃப்ரேமுக்கு மாறினால் இந்த ஆட்டம் நிற்குமா? அல்லது ஷாக்கில் காற்றைக் கூட்டினாலே போதுமா?

#2 நெம்புகோல்

ஃப்ரேமை இப்போதைக்கு விற்க வேண்டாம். இந்த ஆட்டத்தை "பாப்" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு வேறு அசைவுகள் கலந்திருக்கின்றன.

ஒன்று, முடுக்கத்தால் வருவது. மிதியை அழுத்தும்போது பைக் முன்னே பாய்கிறது, உடல் எடை பின்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது, ஷாக் அமுங்குகிறது. மிதி மேலும் கீழும் நேர்கோட்டில் நிற்கும்போது விசை குறைகிறது, ஷாக் திரும்ப நீள்கிறது. இன்னொன்று, கால்களும் இடுப்பும் மேலும் கீழும் போவதால் வருவது. எழுந்து நின்று மிதித்தால் இதுதான் பெரும்பங்கு.

ஃப்ரேமின் வடிவியல் முதல் அசைவை மட்டும்தான் சரிசெய்ய முடியும். அதற்கான அளவுதான் ஆன்டி-ஸ்க்வாட். பின்சக்கரம் தரையைத் தள்ளும் விசையும் செயினின் இழுவையும் சேர்ந்து, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) வழியாக ஃப்ரேமை மேல்நோக்கித் தூக்குகின்றன. அந்தத் தூக்கல், எடை சாய்வால் வரும் அமுக்கத்துக்குச் சரிசமமாக இருந்தால் 100%. குறைந்தால் அமுங்கும். கூடினால் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் எழும்பும், அதுவும் ஆட்டம்தான்.

இரண்டாவது அசைவை எந்த லிங்க்கும் தடுக்காது. அது ஷாக்கின் டேம்பிங்கும் (அசைவைத் தணிக்கும் தடை) உங்கள் மிதிக்கும் முறையும் சம்பந்தப்பட்டது. எனவே லிங்க்கின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் செயின்ரிங்கில், உங்கள் ஸாக் நிலையில் (நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கி நிற்கும் நிலை), ஆன்டி-ஸ்க்வாட் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

#3 ஒற்றைப்பிவட்

நெம்புகோல் சொல்வது இன்றைய பைக்குகளுக்குச் சரி. ஆனால் "ஹார்ஸ்ட் லிங்க் ஆடும், விபிபி ஆடாது" என்ற பேச்சு காரணமில்லாமல் வரவில்லை. அது மூன்று செயின்ரிங் காலத்துப் பேச்சு.

முன்னால் 22/32/44 இருந்தபோது செயின் இழுக்கும் கோடு ரிங்குக்கு ரிங் மாறும். 22-இல் ஆன்டி-ஸ்க்வாட் எகிறும், 44-இல் விழுந்துவிடும். வடிவமைப்பாளர் நடுவில் ஏதோ ஒன்றைப் பிடித்துச் சமாதானம் ஆக வேண்டியிருந்தது. ஹார்ஸ்ட் லிங்க்கை உருவாக்கிய ஹோர்ஸ்ட் லைட்னரின் அமைப்பை வைத்து வந்த பழைய ஃப்ரேம்கள் பல, ஷாக் தடையின்றி வேலை செய்வதற்கும் பிரேக் பிடிக்கும்போது இறுகாமல் இருப்பதற்கும் முதலிடம் கொடுத்தன. மிதிப்பதற்கு ஷாக்கை இறுக்கும் லிவரை நம்பின. விபிபியும் டேவ் வீகிளின் டிடபிள்யூ-லிங்க்கும் எதிர்ப்பக்கத்தில் நின்றன: மிதிக்கும் விசையை வடிவியலே தாங்கட்டும் என்றன.

2012-இல் ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி வந்து முன்னால் ஒரே ரிங் என்றானதும் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஒரே ரிங்கைச் சுற்றி வடிவமைக்கலாம் என்றால் ஹார்ஸ்ட் லிங்க்கிலும் 100% கொண்டுவரலாம், வெறும் ஒற்றைப் பிவட்டிலும் (ஸ்விங்ஆர்ம் ஒரே கீலில் சுழலும் அமைப்பு) கொண்டுவரலாம். அமெரிக்காவில் ஸ்பெஷலைஸ்டு வைத்திருந்த ஹார்ஸ்ட் லிங்க் காப்புரிமை 2013-இல் காலாவதியானதும் பல கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டு புது வடிவியலோடு வந்தன. ஆகவே பைக் எந்த ஆண்டு மாடல் என்பது லிங்க் பெயரைவிட அதிகம் சொல்லும்.

1990-களின் யுனிஃபைடு ரியர் டிரையாங்கிள் என்ற சஸ்பென்ஷன் அமைப்பு இதற்கு நல்ல பாடம். பாட்டம் பிராக்கெட்டே (மிதிகளின் அச்சு சுழலும் இடம்) ஸ்விங்ஆர்மில் இருந்ததால் செயின் நீளம் மாறவே மாறாது. எழுந்து நின்றால் ரைடரின் எடை முழுவதும் ஸ்விங்ஆர்ம் மேல் விழும், சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட உறைந்துவிடும். ஏற்றத்தில் மிதிக்கச் சுகம். இறக்கத்தில் நிற்கிறோம் அல்லவா, அங்கேயும் அதே உறைவு. மிதிப்பதை மட்டும் பார்த்து வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த அமைப்பு வழக்கொழிந்ததில் வியப்பில்லை.

#4 செம்மண்பாதை

நன்றி. என் ஃப்ரேமில் ஆன்டி-ஸ்க்வாட் எவ்வளவு என்று நானே கணக்கிட முடியுமா? கம்பெனி தளத்தில் வரைபடம் இல்லை.

#5 நெம்புகோல்

முடியும். ஒரு புகைப்படமும் அளவுகோலும் போதும்.

முதலில் பைக்கை ஸாக் நிலையில் நிறுத்த வேண்டும். ஷாக்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் இரண்டு துளை போட்ட அலுமினியப் பட்டையை மாட்டுங்கள். உங்கள் ஷாக் 210 மிமீ, ஸாக் 30% என்றால் 55-இல் 16.5. துளைக்குத் துளை 193.5 மிமீ. ஃபோர்க்கையும் (முன்சக்கர சஸ்பென்ஷன்) அதன் ஸாக் அளவுக்கு இறக்கிக் கட்டிவிடுங்கள். பிறகு ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, கேமராவை பாட்டம் பிராக்கெட் உயரத்தில் வைத்து, ஜூம் செய்து படமெடுங்கள். அருகில் நின்று எடுத்தால் கோணம் பிசகி, கணக்கு தப்பும்.

படத்தின் மேல் வரைய வேண்டிய கோடுகள் இவை. பின் ஆக்ஸிலில் (சக்கர அச்சு) இருந்து ஸ்விங்ஆர்ம் பிவட் (கீல்) வரை ஒரு கோடு. ஹார்ஸ்ட் லிங்க்கிலும் விபிபியிலும் நிஜப் பிவட்டுக்குப் பதிலாக கணநேர மையத்தை எடுக்க வேண்டும்: பின் ஆக்ஸில் இருக்கும் பகுதியை ஃப்ரேமோடு இணைக்கும் இரண்டு லிங்க்குகளின் கோடுகளையும் நீட்டினால் அவை வெட்டும் இடம். இரண்டாவது, மேல்பக்கச் செயின் கோடு. இந்த இரண்டும் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் இருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, முன் ஆக்ஸிலுக்கு நேர்மேலே அது எவ்வளவு உயரத்தில் போகிறது என்று பாருங்கள். அதை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் ஆன்டி-ஸ்க்வாட்.

ஒரு மாதிரிக் கணக்கு. எளிமைக்காக ஒற்றைப் பிவட் எடுத்துக்கொள்கிறேன். தரையில் இருந்து பின் ஆக்ஸில் 370 மிமீ, பாட்டம் பிராக்கெட் 340. ஆக்ஸிலில் இருந்து பாட்டம் பிராக்கெட் கிடைமட்டமாக 435. பிவட் 455 மிமீ முன்னே, 410 உயரத்தில். வீல்பேஸ் 1200. ஈர்ப்பு மையம் 1150 உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 21 பல் கியர். செயின்ரிங்கின் ஆரம் பல் எண்ணிக்கையை 2.02-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டரில் வரும்.

34 பல் ரிங்: 97%
32 பல்: 105%
30 பல்: 114%
28 பல்: 122%

ஃப்ரேம் அதே, ஷாக் அதே. இரண்டு பல் குறைத்தால் எட்டொன்பது புள்ளி கூடுகிறது. இரண்டு வேறு லிங்க் அமைப்புகளுக்கு இடையே பேசப்படும் வித்தியாசம் பல சமயம் இதைவிடக் குறைவு.

ஈர்ப்பு மைய உயரம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே 105 என்பதைச் சாசனமாக எடுக்க வேண்டாம். ஒரே உயரத்தை வைத்து இரண்டு ஃப்ரேம்களையோ இரண்டு ரிங்குகளையோ ஒப்பிடத்தான் இந்தக் கணக்கு.

#6 ஷாக்பம்ப்

கணக்கெல்லாம் அருமை. ஆனா தம்பி, பட்டையில துளை போடறதுக்கு முன்னாடி ஷாக் செட்டிங்கைப் பாருங்க. வொர்க்‌ஷாப்புக்கு "ஆடுது"ன்னு வர்ற பைக்ல பெரும்பாலும் ஸாக் தப்பா இருக்கும், இல்லேன்னா ரீபவுண்ட் (ஷாக் திரும்ப நீளற வேகத்தைக் கட்டுப்படுத்தற குமிழ்) முழுசாத் திறந்து கிடக்கும்.

லிவரை ஓப்பன்ல வைங்க. காத்து அடிச்சதும் பம்பைக் கழட்டிட்டு ஷாக்கைப் பத்துத் தடவை நல்லா அமுக்கி விடுங்க. நெகட்டிவ் சேம்பருக்கு (ஷாக்குக்குள்ள எதிர்ப்பக்கம் இருக்கிற காத்தறை) காத்து போய்ச் சமமாகணும். இதைச் செய்யாம அளந்தா ஸாக் குறைவாக் காட்டும், அப்புறம் வண்டியில ஏறினதும் உள்ள இறங்கிடும். முழு கிட் போட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு காலும் மிதியில வச்சு உக்காருங்க. ரப்பர் வளையத்தை சீல் வரைக்கும் தள்ளிட்டு, துள்ளாம மெதுவா இறங்குங்க. 16.5 மிமீ வரணும். ஒரு மில்லி முன்னப்பின்ன இருந்தாப் பரவாயில்ல.

இப்ப காத்தைக் கூட்டற விஷயம். 30-லேர்ந்து 27% வரைக்கும் போகலாம். அதுக்கு மேல ஏத்தினா ஆட்டம் கொஞ்சம் குறையும், ஆனா பின்சக்கரம் கல்லு மேல தாவ ஆரம்பிக்கும். ஈரமான வேர் மேல பிடி போயிடும். கடைசி 20 மிமீ டிராவலைத் தொடவே மாட்டீங்க. பைக்கும் பின்பக்கம் உசந்து, சீட் முன்னால சாயும். உள்ள வால்யூம் ஸ்பேசர் (காத்தறையைச் சின்னதாக்கற துண்டு) போட்டா பாப் குறையும்னு சிலர் சொல்வாங்க. அது டிராவலோட கடைசிப் பகுதியைத்தான் இறுக்கும். மிதிக்கறப்போ ஷாக் நிக்கிற இடத்துல அதால ஒண்ணும் ஆகாது.

லோ-ஸ்பீட் கம்ப்ரெஷன் குமிழ் (மெதுவான அமுக்கத்தைத் தடுக்கறது) இருந்தா முழுசா மூடின இடத்துலேர்ந்து கிளிக்கை எண்ணி எழுதி வைங்க. ரெண்டு ரெண்டு கிளிக்கா மூடிப் பாருங்க. குமிழ் இல்லாம மூணு நிலை லிவர் மட்டும் இருந்தா ஏத்தத்துக்கு நடு நிலை. முழு லாக் தார் ரோட்டுக்கு மட்டும். ரீபவுண்ட் ரொம்ப வேகமா இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் உங்களை மேல எத்தும், அதையும் பாப்னு நினைச்சுக்குவாங்க.

அப்புறம் ஒரு சோதனை. ஷாக்கைக் கழட்டிட்டு ஸ்விங்ஆர்மைத் தூக்கி விடுங்க. தன் எடையிலேயே தடங்கலில்லாம இறங்கணும். பாதியில நின்னா பேரிங் துருப்பிடிச்சு இறுகிடுச்சு. பிவட் பேரிங் முழுச் சுத்து சுத்தறதில்ல, கொஞ்சம் டிகிரிதான் ஆடும். அதனால ஒரே இடத்துல குழி விழும், தண்ணி புகுந்தா அங்கேயே பிடிச்சுக்கும். இறுகின பிவட் ஆட்டத்தை மறைக்கும். "என் பைக் பாப் ஆகறதே இல்ல"ன்னு சந்தோஷப்படறவங்க இதை ஒரு தடவை பாத்துடுங்க. பக்கவாட்டுல அசைச்சா டக்குனு சத்தம் வந்தா ஷாக் கண்ணுல இருக்கிற புஷ் தேஞ்சிருக்கு.

ராக்‌ஷாக்ஸ் ஏர் கேன் சர்வீஸ் 50 மணி நேரம், டேம்பர் சர்வீஸ் 200 மணி நேரம்னு போட்டிருக்காங்க. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருஷம் ஒரு தடவை. டேம்பர்ல காத்து கலந்துட்டா திரும்பற இடத்துல சளக்சளக்னு சத்தம் வரும், சின்ன அசைவுக்கு டேம்பிங்கே இருக்காது. அந்த நிலையில எந்த லிங்க்கா இருந்தாலும் ஆடும்.

#7 ஏறுமுகம்

மிதிக்கும் வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைச் சேர்க்கிறேன்.

ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் எடைக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. சக்கரத்தில் 42 மிமீ ஸாக் (140-இல் 30%) என்றால், காயில் ஸ்பிரிங் போல நேர்விகிதமாக எடுத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 2.4 தடவை. ஒரு சுற்றில் இரண்டு அழுத்தம். அதாவது நிமிடத்துக்கு 73 சுற்று மிதித்தால் நீங்கள் ஷாக்கை அதன் சொந்தத் தாளத்திலேயே ஊஞ்சல் ஆட்டுகிறீர்கள். ஏர் ஷாக் நடுப்பகுதியில் இதைவிட மென்மையாக இருப்பதால் உண்மையில் அது 60-க்கும் 70-க்கும் இடையே எங்காவது விழும். ஏற்றத்தில் பெரும்பாலோர் மிதிப்பது சரியாக அந்த வேகத்தில்தான்.

85-க்கு மேல் போனால் ஷாக் பின்தொடர முடியாமல் ஆட்டம் தானாகக் குறையும். 32-க்குப் பதில் 30 பல் போட்டால் அதே சாலை வேகத்தில் கேடன்ஸ் (மிதிக்கும் வேகம்) கிட்டத்தட்ட 7% கூடும். நெம்புகோல் சொன்ன ஆன்டி-ஸ்க்வாட் லாபத்தோடு இதுவும் சேர்கிறது.

நஷ்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஷாக் 3 மிமீ உள்ளே, 3 மிமீ வெளியே. டேம்பிங் விசை சராசரி 100 நியூட்டன் என்று வைத்தால் ஒரு மிதிக்கு 0.6 ஜூல். நொடிக்கு 2.4 மிதி என்றால் ஏறத்தாழ 1.4 வாட். நீங்கள் 200 வாட் போடுகிறீர்கள் என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. எழுந்து நின்று 10 மிமீ ஆட்டினால், விசையும் இரட்டிப்பானால், இது பத்து வாட் பக்கம் போகும். அது கவனிக்க வேண்டிய நஷ்டம். உட்கார்ந்து மிதிக்கும்போது வளையம் 3 மிமீ நகர்வது அப்படியல்ல. கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

#8 ஒற்றைப்பிவட்

ஏறுமுகத்தின் கணக்கோடு உடன்படுகிறேன். அதனால்தான் ஆன்டி-ஸ்க்வாட்டை 120, 130 என்று ஏற்றிக்கொண்டே போவதை எதிர்க்கிறேன்.

ஆன்டி-ஸ்க்வாட் பெரும்பாலும் செயின் நீட்சியில் இருந்து வருகிறது. ஷாக் அமுங்கும்போது பின் ஆக்ஸில் பாட்டம் பிராக்கெட்டை விட்டு விலகுகிறது; மேல் செயின் இழுபடுகிறது; கிராங்க் பின்னோக்கித் திரும்புகிறது. அதுதான் பெடல் கிக்பேக். பெரிய காகில் (பின்பக்கப் பல்சக்கரம்), மெதுவான வேகத்தில், இது மிக அதிகம். கல் நிறைந்த ஏற்றம் என்பது சரியாக அந்த நிலைமைதான். நீங்கள் மிதியை முன்னே தள்ளும் நேரத்தில் பின்சக்கரம் கல்லில் மோதி மேலே வர வேண்டும். உங்கள் கால் அதைச் செயின் வழியாகத் தடுக்கிறது. சக்கரம் மடங்காமல் பைக்கையும் உங்களையும் சேர்த்துத் தூக்குகிறது, அல்லது பிடி நழுவிச் சுழல்கிறது. தார் ரோட்டில் காப்பாற்றிய வாட்டுகளை இங்கே பல மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நல்ல வடிவமைப்பு இதை டிராவலுக்குள் பங்கு போடும். ஸாக் வரை 100-க்குச் சற்று மேலே, அதற்குப் பிறகு சரிந்து, கடைசியில் மிகக் குறைவு. டிடபிள்யூ-லிங்க்கின் மையக் கருத்தே இந்தச் சரிவு. குட்டையான இரண்டு லிங்க்குகள் இருந்தால் கணநேர மையத்தை வேகமாக நகர்த்தலாம், ஆகவே ஆன்டி-ஸ்க்வாட் வளைவை விருப்பப்படி வளைக்கலாம். ஒற்றைப் பிவட்டில் அந்தச் சுதந்திரம் குறைவு. லிங்க் வகைகளுக்கு இடையே இன்றும் மிச்சமிருக்கும் உண்மையான வித்தியாசம் இதுதான்: ஸாக் நிலையில் எத்தனை சதவீதம் என்பதல்ல, அங்கிருந்து எப்படிச் சரிகிறது என்பது.

டிரெயில் பைக்குக்கு ஸாக்கில் 95 முதல் 110 வரை இருந்தால் போதும் என்பது என் கருத்து.

#9 செம்மண்பாதை

ஐட்லர் (செயினைத் திருப்பிவிடும் கூடுதல் பல்சக்கரம்) வைத்த ஹை-பிவட் (கீல் உயரமாக உள்ள) ஃப்ரேம்கள் இதில் எங்கே வருகின்றன? செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் பின்பக்கம் ரொம்ப உட்கார்ந்துவிடுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

#10 நெம்புகோல்

ஹை-பிவட்டில் ஆக்ஸில் பின்னோக்கி நகரும். ஐட்லர் இல்லாவிட்டால் செயின் நீட்சி தாங்காது. ஃபார்பிடன் ட்ரூயிட் போன்றவற்றில் ஐட்லர் பிவட்டுக்கு அருகே உட்கார்ந்து செயின் கோட்டை மேலே தூக்குகிறது. ஆன்டி-ஸ்க்வாட்டை இப்போது தீர்மானிப்பது ஐட்லரின் இடம். செயின்ரிங்கை மாற்றினால் பெரிய மாற்றம் வராது. விலை: கூடுதல் உராய்வு, செயினில் சேறு காய்ந்தால் சத்தம், சில ஃப்ரேம்களில் ஒரு பெட்டிச் செயின் போதாமல் இரண்டை இணைப்பது. ஐட்லரில் பல் அதிகம் இருந்தால் உராய்வு குறையும். இறக்கத்துக்காக எடுப்பவர்களுக்குச் சரி. ஏற்றத்தில் மிதிக்கும் திறனுக்காக யாரும் எடுக்க வேண்டியதில்லை.

செங்குத்து ஏற்றத்தில் எடை பின்னே போவதால் ஸாக் 30-இல் இருந்து 40% தாண்டும். வளைவு சரிந்து போகும் ஃப்ரேமில் அங்கே ஆன்டி-ஸ்க்வாட் 80-க்குப் பக்கம் இருக்கலாம். லிவரை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள், சீட்டைத் தண்டவாளத்தில் 5–10 மிமீ முன்னே தள்ளுங்கள், சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். புது ஃப்ரேம்களில் சீட் டியூப் கோணத்தை 76–78 டிகிரிக்குச் செங்குத்தாக்கியது இதற்காகவே. மிதிக்கும் திறனுக்கு அந்த மாற்றம் எந்த லிங்க்கையும்விட அதிகம் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

#11 ஏறுமுகம்

கிராஸ்-கன்ட்ரி பந்தய பைக்குகள் போன வழியையும் பாருங்கள். சாண்டா குரூஸ் கம்பெனி 2021 பிளர் பைக்கில் விபிபியையே விட்டுவிட்டு, பின்னால் பிவட் இல்லாமல் கார்பன் வளையும் ஒற்றைப் பிவட் அமைப்புக்கு வந்தது. டிரெக் சூப்பர்கேலிபர் 2019-இல் 60 மிமீ டிராவலோடு வந்தது. குறைந்த டிராவலில் எடையைக் குறைத்து, கைப்பிடியிலேயே லாக்அவுட் லிவர் கொடுப்பது லாபம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். 140 மிமீ பைக்குக்கு அந்த முடிவு பொருந்தாது. நாள் முழுக்க லிவரைத் தட்டிக்கொண்டே இருக்க முடியாது.

#12 செம்மண்பாதை

புரிந்தது. முதலில் ஸாக், ரீபவுண்ட், பேரிங். பிறகு 30 பல் ரிங். ரிங் மாற்றும்போது செயினை வெட்ட வேண்டுமா?

#13 ஷாக்பம்ப்

வேண்டாம். ரெண்டு பல் குறைஞ்சா செயின் பாதையில ஒரு கண்ணி அளவுதான் மிச்சம். செயினை ஜோடியாத்தான் குறைக்க முடியும். டிரெயிலர் (பின்னால கியரை மாத்தற கருவி, derailleur) அந்த ஒரு கண்ணியைத் தானே இழுத்துக்கும்.

ஆனா நீளத்தை ஒரு தடவை சரி பாருங்க. ஷாக்ல காத்தை முழுசா விட்டுட்டு, பெரிய காக்ல செயினைப் போட்டு, ஸ்விங்ஆர்மைக் கடைசி வரைக்கும் அமுக்குங்க. அந்த நிலையில டிரெயிலர் கூண்டு இன்னும் கொஞ்சம் முன்னால போக இடம் இருக்கணும். இடம் இல்லாம விறைச்சு நின்னா முதல் பெரிய குதியில டிரெயிலரும் ஹேங்கரும் (அதை ஃப்ரேம்ல மாட்டற துண்டு) பிஞ்சு போகும். ஏற்கெனவே செயின் குட்டையா இருந்த பைக்கா இருந்தா இப்பவே தெரிஞ்சிடும்.

ரிங் வாங்கறப்போ உங்க கிராங்க்குக்கு ஏத்த மவுன்ட்டும் பூஸ்ட் ஆஃப்செட்டும் (ரிங் பக்கவாட்டுல தள்ளி நிக்கற அளவு) பாருங்க, ஃப்ரேம் 30 பல்லை அனுமதிக்குதான்னும் பாருங்க. மாட்டினதும் 10 பல் காக்ல போட்டுச் சுத்திப் பாருங்க. சின்ன ரிங்ல செயின் கீழ இறங்கி வர்றதால ஸ்விங்ஆர்மோட முன்பக்க ரப்பர்ல உரசலாம். மேல் செயின் கைடு இருந்தா அதையும் நாலு மில்லி பக்கம் இறக்கணும். கடைசியா பி-ஸ்க்ரூ (டிரெயிலருக்கும் பெரிய காகுக்கும் நடுவுல இடைவெளியை வைக்கற திருகு). ஈகிள் டிரெயிலரா இருந்தா அந்த இடைவெளியை ஸ்டாண்ட்ல வச்சு செட் பண்ணாதீங்க. ஒருத்தர் பைக் மேல உக்காரணும், ஸாக் ஆன நிலையில இன்னொருத்தர் கேஜை வச்சு அளக்கணும்.